ஏர்கோனுக்கும் ஒரு பரீட்சை: புகைக்கூடத்திலிருந்து கணினிக் கட்டடம் வரை

மலாக்கா, பாச்சாங் பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அவர்களின் நாற்காலி முதுகில் ஒரு கம்பளிச் சட்டை தொங்கும். பூமத்திய ரேகைக்கு இரண்டே டிகிரி வடக்கில் இருக்கும் ஊரில் கம்பளிச் சட்டை!

காலையில், "அண்ணே, விறைக்குது, கொஞ்சம் குறைங்களேன்" என்பார்கள். பராமரிப்புப் பணியாளர் வந்து சுவரில் இருக்கும் எண்ணை மாற்றிவிட்டுப் போவார். மாலை மழை பெய்து ஓய்ந்ததும் அதே இடத்திலிருந்து, "என்னண்ணே, ஒரே புழுக்கமா இருக்கு" என்று இன்னொரு புகார் வரும். அவர் மறுபடி வருவார், மறுபடி எண்ணை மாற்றுவார். சில மாதங்களில் கூரைப் பலகையின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் தென்படும். பூஞ்சை! அதற்கும் அவருக்குத்தான் திட்டு விழும்.

இதில் குற்றவாளி யார்? எண்ணை மாற்றுகிற மனிதரா? இல்லை. வால்வை எப்போது திற, எப்போது மூடு, வெளிக்காற்றை எவ்வளவு விடு என்று அந்தக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் சில கட்டளைகள் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர் அவற்றை எங்கே, எந்த வானிலையில் சோதித்துப் பார்த்தார்? கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்தக் கேள்விக்கு 100 ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அதில் நம் தோட்டப் பாட்டாளிகளுக்கும் ஓர் இடம் உண்டு. அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

புகைக்கூடத்தில் நின்றவர்கள்

மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் முதன்முதலில் பயிரானது மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் கன்றுகளை நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின, தமிழர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். பால்மரம் வெட்டியவர்களைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. மங்கில் வடிந்த பால் ஸ்டோருக்குப் போன பிறகு என்ன நடந்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

பாலை அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, புகைக்கூடத்துக்குள் தள்ளுவார்கள். கீழே விறகு எரியும். சூடும் புகையும் மேலே ஏறும். கூரையில் திறந்து மூடும் காற்றுக் கதவுகள் இருக்கும். நான்கைந்து நாளில் தகடு உலர்ந்து பொன்னிறமாக வெளியே வரவேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாள் தகடு ஈரமாக இருக்கும். அன்று சூடு மிதமாக இருக்க வேண்டும், காற்றுக் கதவு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை. அடுத்தடுத்த நாள் கதவைக் குறைத்து, சூட்டை மெல்ல மெல்ல 60 டிகிரி வரை ஏற்ற வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் தகட்டுக்குள் கொப்புளம் விழும். சூடு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டில் எது நடந்தாலும் தரம் இறங்கும், விலையும் இறங்கும். விறகை அளவுக்கு மேல் திணித்தால் கூடமே தீப்பிடித்துக்கொள்ளும்.

சூடூட்டலும் காற்றோட்டமும் சேர்ந்த கட்டுப்பாடு என்று பொறியியல் நூல்கள் எதைச் சொல்கின்றனவோ, அதுதான் இது. கருவியின் வேலையை ஒரு மனிதர் செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம். உஷ்ணமானியைப் பார்ப்பார், புகையின் நிறத்தைப் பார்ப்பார், வெளியே மழையா வெயிலா என்று பார்ப்பார். இப்போது போடுகிற விறகின் சூடு உடனே வராது, சற்று நேரம் கழித்துத்தான் மேலே எட்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சூடு குறைந்த பிறகு விறகு போடமாட்டார். குறையப் போகிறது என்று தெரிந்தவுடனே போடுவார். புதிதாக வந்தவர் அவசரப்பட்டு அள்ளிப் போட்டு, சூடு எகிறி, பயந்து கதவைத் திறந்து, பிறகு சூடு விழுந்து, மறுபடி அள்ளிப் போட்டு அல்லாடுவார். அவர் பாடம் படிக்கும் வரை கெட்டுப்போகும் தகடுகள் முதலாளியின் கணக்கில் நட்டம்.

1965இல் மலேசியத் தர நிர்ணய ரப்பர் திட்டம் வந்தது. ரப்பரைத் துகளாக்கி, எந்திர உலர்த்தியில் வெப்பக் காற்று செலுத்தி, கட்டியாக அழுத்தும் முறை பரவியது. புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த மனிதர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓர் ஆசிரியருக்கு வந்த எரிச்சல்

கருவி எங்கிருந்து வந்தது? குளிர் நாட்டிலிருந்து. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து வொய்ட்வாட்டர் ஊரில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது பள்ளிக் காவலர் வகுப்புக்குள் நுழைவார். உஷ்ணமானியைப் பார்ப்பார். பிறகு அடித்தளத்துக்கு இறங்கிப்போய் உலையின் காற்றுத் தடுப்பைத் திருப்புவார். ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த இடைஞ்சல்? ஜான்சன், அறையின் சூடு மாறினால் கீழே மணி அடிக்கும்படி மின்சார ஏற்பாடு ஒன்றைச் செய்து 1883இல் காப்புரிமை பெற்றார். 1885இல் அவர் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்று உலகறியப்பட்டது.

ஜான்சனுக்கு வேண்டியது சூடு. நமக்கு வேண்டியது வேறு. அதற்கு முதல் விடை 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கிடைத்தது. அதுவும் ஓர் அச்சகத்தில்! கோடையில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரிந்தது. ஒரு நிறத்தை அச்சடித்துவிட்டு அடுத்த நிறத்துக்கு வரும்போது காகிதத்தின் அளவே மாறியிருக்கும். படம் கலங்கிப் போகும். வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைப் பிழிந்து எடுக்கும் அமைப்பை வடிவமைத்தார். நவீன ஏர்கோன் பிறந்தது இப்படித்தான். அது மனிதரைக் குளிர்விப்பதற்காகப் பிறந்ததல்ல, காகிதத்தின் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே பிறந்தது. இந்த உண்மையை நம் நாட்டில் ஏர்கோன் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் மறந்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். கடையில் குதிரைத்திறனைக் கேட்கிறோம், ஈரத்தைக் கேட்பதில்லை.

1942இல் சீக்ளர், நிக்கல்ஸ் என்ற இருவர், கட்டுப்பாட்டுக் கருவியைச் சரியாக அமைக்க ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். அந்தக் கருவி மூன்று கேள்வி கேட்கும். வேண்டிய அளவிலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு நேரமாக விலகி நிற்கிறது? எவ்வளவு வேகமாக விலகுகிறது? மூன்றையும் கூட்டி, வால்வை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்யும். புகைக்கூடத்து மனிதர் விறகைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விகளும் இவைதாம். கருவியில் ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதில் தவறினால், புது விறகுக்காரரைப் போல வால்வு திறந்து மூடித் திறந்து மூடி அல்லாடும். இன்றும் பல கட்டடங்களில் அல்லாடிக்கொண்டுதான் இருக்கிறது.

கணினிக்குள் ஒரு கட்டடம்

புகைக்கூடத்தில் தவறு செய்தால் நட்டம் சில தகடுகள். 20 மாடிக் கட்டடத்தில் தவறு செய்தால்? கட்டி முடித்து, ஆட்கள் குடியேறி, ஓராண்டு ஓடினால்தான் தவறு முழுதாகத் தெரியும். அதற்குள் ஒப்பந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. மேலை நாடுகள் மின்சாரத்தை எண்ணத் தொடங்கின. கட்டடம் எவ்வளவு எரிசக்தியைத் தின்னும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிட முடியுமா என்று கேட்டார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டிரான்சிஸ் 1975இல் வெளிவந்தது. அமெரிக்க அரசின் ஆதரவில் பிளாஸ்ட், டோ-2 ஆகியவை அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தன. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜோ கிளார்க் தம் ஆய்விலிருந்து ஈ.எஸ்.பி. என்ற மென்பொருளை வளர்த்தார். இவற்றைப் பாவனை மென்பொருள் எனலாம். சுவர் என்ன பொருள், எத்தனை அங்குலம், கண்ணாடி எந்தத் திசை, எத்தனை பேர் அமர்வார்கள், எத்தனை விளக்கு என்று எல்லாவற்றையும் எண்ணாகக் கொடுத்து, அந்த ஊரின் வானிலையையும் கொடுத்துவிட்டால், கணினி ஓர் ஆண்டை மணி மணியாக ஓட்டிக் காட்டும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம்.

ஆனால் இங்கே ஓர் ஓட்டை இருந்தது. அந்தக் கால மென்பொருள்கள் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிழையே செய்யாத ஒன்றாக எடுத்துக்கொண்டன. 24 டிகிரி வேண்டும் என்றால் அறை அந்த மணி முழுவதும் 24 டிகிரியில் இருந்ததாகவே கணக்கு எழுதின. உண்மையான வால்வு நொடிக்கு நொடி அசைகிறது. தாமதம், அல்லாட்டம், அழுக்கேறிய உணர்கருவி எதுவும் ஒரு மணி நேரக் கணக்கில் தெரியாது. சமையல் எப்படி வந்தது என்று கேட்டால், வாங்கிய அரிசியின் எடையை மட்டும் சொல்வதைப் போன்றது இது.

இந்த ஓட்டையை அடைக்கவே 1980களில் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகம் எச்.வி.ஏ.சி.சிம் என்ற மென்பொருளை உருவாக்கியது. குழாய், விசிறி, வால்வு, கருவி என்று ஒவ்வொன்றின் அசைவையும் சிறு சிறு நேர இடைவெளியில் கணக்கிடுவது அதன் வேலை. அடுத்து நடந்தது இன்னும் சுவையானது. அனைத்துலக எரிசக்தி முகமையின் கீழ் 1988 முதல் 1992 வரை சில ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரு கூட்டாய்வு நடத்தின. கட்டடம் கணினிக்குள், கட்டுப்பாட்டுக் கருவி மட்டும் மேசைமேல், கடையில் விற்கும் அசல் பெட்டி. கணினி, "அறை 26 டிகிரி" என்று பொய்யான மின் சைகை அனுப்பும். பெட்டி அதை நம்பி, "வால்வைத் திற" என்று பதில் சைகை அனுப்பும். கணினி வால்வைத் திறந்ததாக எடுத்துக்கொண்டு அறையின் அடுத்த சூட்டைக் கணக்கிட்டு அனுப்பும். தான் ஒரு மாயக் கட்டடத்தை ஆள்கிறோம் என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது!

பாச்சாங்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பக்கத்தில் பத்து பெரண்டாம் விமான நிலையம் இருக்கிறது. விமானம் ஓட்டப் பழகும் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இத்தொழிலில் ஆபத்தான சூழ்நிலைகளைத் தரையிலேயே நிற்கும் பாவனைக் கருவியில்தான் பழக்குவார்கள். இயந்திரம் அணைவதும் புயல் அடிப்பதும் அங்கே பொய், ஓட்டுநரின் கை மட்டும் நிஜம். மனிதரைச் சோதிக்கும் அதே முறையில் கருவியையும் சோதித்தார்கள்.

2001இல் அமெரிக்க எரிசக்தித் துறை, பிளாஸ்டையும் டோ-2ஐயும் அடித்தளமாகக் கொண்டு எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. இலவசம். இனி எந்த மாணவரும் அதை வீட்டுக் கணினியில் இறக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று.

மாலை மழை என்ற பரீட்சை

இப்போது நம் ஊருக்கு வருவோம். மலாக்காவிலோ கோலாலம்பூரிலோ ஒரு மாயக் கட்டடத்தை ஓட்டினால் என்ன ஆகும்?

வெளிக்காற்றின் சராசரி சூடு 27 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஐரோப்பியருக்கு இது பெரிய சூடே அல்ல. ஆபத்து வேறோர் எண்ணில் இருக்கிறது. நம் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. அதாவது, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளையும் நம் வெளிக்காற்று தொட்டால் அதன்மேல் நீர் முத்துக்கள் கோக்கும். ஐஸ் போட்ட குவளை வியர்ப்பதைப் பார்க்கிறோமே, அதேதான். 20 டிகிரிக்கு ஏர்கோன் வைத்த அறையின் சுவரும் ஒரு குவளைதான்.

காலை 11 மணி. வெயில் கண்ணாடியில் அடிக்கிறது. அறை சூடாகிறது, வால்வு அகலத் திறக்கிறது, குளிர் குழாய் ஈரத்தையும் சேர்த்துப் பிழிந்து எடுக்கிறது. எல்லாம் நலம். பிற்பகல் 4 மணி. இடி, மழை. வெயில் போய்விட்டது, சுவர் குளிர்கிறது. அறையின் சூடு குறைந்ததைக் கண்ட கருவி, "என் வேலை முடிந்தது" என்று வால்வைக் குறுக்கிவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில்தான் வெளிக்காற்றில் ஈரம் மிக அதிகம்! மூச்சுவிடத் தேவையான வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதன் ஈரத்தை எடுக்க ஆளில்லை. எண் 24 என்றே காட்டும், உடம்பு கசகசக்கும். உட்கார்ந்திருப்பவர், "இன்னும் குளிராக்குங்கள்" என்பார். 21க்கு இறக்குவார்கள். மறுநாள் காலை கம்பளிச் சட்டை!

இரவில் என்ன நடக்கிறது? மின்கட்டணத்தைக் குறைக்க 6 மணிக்கு எல்லாவற்றையும் அணைக்கிறார்கள். கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று நுழைகிறது. திரைச்சீலை, கம்பளம், கோப்புக் கட்டுகள் அதைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. காலையில் ஏர்கோன் ஓடத் தொடங்கியதும் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. சுவரும் சீலையும் ஈரத்தைக் குடித்து வைக்கும் என்பதைக் கணக்கில் எடுக்காத மென்பொருள், குளிர் நாட்டில் பெரிய தவறு செய்யாது. இங்கே செய்யும்.

ஆக, நமக்கு வேண்டிய முதல் பொருள் மென்பொருளல்ல, நம் வானிலை. சுபாங்கில் 1975 முதல் 1995 வரை 21 ஆண்டுகள் பதிவான மணிக்கணக்கு வானிலையிலிருந்து, மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டென்மார்க் உதவியோடு ஒரு மாதிரி ஆண்டைத் தயாரித்தது. எந்த ஜனவரி சராசரி ஜனவரி, எந்தப் பிப்ரவரி சராசரிப் பிப்ரவரி என்று பொறுக்கி எடுத்துத் தைத்த ஆண்டு அது. பெரிய விளம்பரம் இல்லாத வேலை. ஆனால் பின்னால் வந்த கட்டடங்களின் கணக்குகள் பல இதன் மேல்தான் நின்றன.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சந்திரசேகரும் சகாக்களும் 2000களின் தொடக்கத்தில் இன்னொரு பக்கமாக இதே சிக்கலைத் தாக்கினார்கள். வெளிக்காற்றையும் அறையில் சுழலும் காற்றையும் முதலிலேயே கலந்துவிடாமல், ஒரே குளிர்குழாய்த் தொகுதியில் தனித்தனியாக ஓடவிட்டு, இரண்டுக்கும் இரண்டு விசிறி வைத்தார்கள். ஆட்கள் கூடினால் வெளிக்காற்று மட்டும் கூடும். வெயில் கூடினால் குளிர்காற்று மட்டும் கூடும். ஒன்றைக் குறைக்கப் போய் மற்றொன்று கெடும் அவலம் இல்லை.

2004: இரண்டு கட்டடங்கள்

2004ஆம் ஆண்டை மலேசியா மறக்கக் கூடாது. அந்த ஆண்டு புத்ராஜெயாவில் எரிசக்தி, நீர், தொடர்புத் துறை அமைச்சு தன் புதிய அலுவலகத்துக்குக் குடிபோனது. 'லியோ' எனப்படும் குறைந்த எரிசக்திக் கட்டடம். வடிவமைக்கும்போதே எனர்ஜி-10 என்ற மென்பொருளில் அதைக் கட்டிப் பார்த்தார்கள். நாட்டின் வழக்கமான அலுவலகம் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 275 கிலோவாட் மணி தின்னும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. இந்தக் கட்டடத்துக்கு வைத்த இலக்கு 100. சன்னல்கள் சுவருக்குள் உள்வாங்கியவை, கூரையின்மேல் செடிகள். இவற்றோடு கட்டுப்பாட்டிலும் அக்கறை காட்டினார்கள். அறை 24 டிகிரி. காற்றில் கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று உணர்ந்து, ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வெளிக்காற்றை விடும் கருவி. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் விளக்கையும் குளிரையும் குறைக்கும் கருவி. குடியேறிய பிறகு அளந்தபோது வந்தது ஏறக்குறைய 114. கணினி சொன்னது 100, கட்டடம் சொன்னது 114. இந்தத் தொழிலில் இது மிக நல்ல நெருக்கம்.

அதே ஆண்டு, ஜோகூர் பாருவில் புதிதாகத் திறக்கப்பட்ட சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் பூஞ்சை படர்ந்தது. சில மாதங்களிலேயே மருத்துவமனையைத் தற்காலிகமாக மூடி, நோயாளிகளை வேறிடம் அனுப்ப வேண்டியதாயிற்று. புத்தம் புதுக் கட்டடம்! அலுவலகத்தில் பூஞ்சை என்றால் தும்மல். அறுவைக் கூடத்திலும் தீவிரக் கவனிப்புப் பிரிவிலும் பூஞ்சை என்றால் உயிர். ஈரத்தைக் கட்டுப்படுத்துவது ஆடம்பரம் என்று நினைத்தவர்களுக்கு அந்தச் செய்தி ஓர் அதிர்ச்சி வைத்தியம்.

லியோவைக் கட்டியவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 2007இல் பாங்கியில் மலேசிய எரிசக்தி மையத்தின் அலுவலகம் எழுந்தது. இலக்கு 65. இங்கே துணிச்சலான ஒரு காரியம் செய்தார்கள். தரையின் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, இரவில் குளிர்நீர் ஓட்டி, தரையையே குளிர வைத்தார்கள். பகலில் அந்தக் குளிர் மெல்ல அறைக்கு இறங்கும். நமக்கு உடனே தோன்றும் கேள்வி என்ன? தரை வியர்க்காதா? வியர்க்கும், காற்று ஈரமாக இருந்தால். ஆகவே உள்ளே வரும் காற்றின் ஈரத்தை முதலிலேயே எடுத்தாக வேண்டும், கட்டடத்தில் ஓட்டை ஒழுங்கீனம் இருக்கக் கூடாது, நீரின் குளிர் பனிநிலையைத் தாண்டி இறங்காமல் கருவி காவல் காக்க வேண்டும். யாரோ ஒருவர் கதவிடுக்கில் கட்டையைச் செருகித் திறந்து வைத்துவிட்டால் எத்தனை நிமிடத்தில் தரை நனையும்? இதை நிஜக் கட்டடத்தில் சோதித்தால் தரைவிரிப்பு நாறும். மாயக் கட்டடத்தில் நூறு முறை கதவைத் திறந்து வைக்கலாம்.

2010இல் புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் வந்தது. தலைகீழான பிரமிடு வடிவம், மேல்மாடி கீழ்மாடிக்குக் குடை பிடிக்கும். இங்கும் கான்கிரீட் தளத்தில் குளிர்நீர். வடிவமைத்தபோது சொன்ன எண் 85. ஓடத் தொடங்கிய பின் வந்தது 70க்கும் கீழே. லியோவில் கணக்கைவிடக் கூடியது, இங்கே கணக்கைவிடக் குறைந்தது. இரண்டுமே கணக்குப் போட்டதால்தான் தெரிந்தது. கணக்கே போடாத கட்டடத்தில் கூடியதா குறைந்ததா என்று யார் சொல்வது?

24 என்ற பாதி விதி

2011இல் அரசாங்க அலுவலகங்களில் ஏர்கோனை 24 டிகிரிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று அமைச்சரவை பணித்தது. நல்ல ஆணை. ஆனால் பல இடங்களில் முணுமுணுப்பு எழுந்தது, "புழுங்குகிறது" என்று. முணுமுணுத்தவர்களைச் சோம்பேறிகள் என்றும் சுகவாசிகள் என்றும் சொல்லிவிட்டார்கள். அது நியாயமல்ல. மலேசியாவின் எம்.எஸ். 1525 என்ற நெறிமுறை 2001இல் முதலில் வெளிவந்து, பின்னர் 2007, 2014, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. அது சூட்டை மட்டும் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் 24 முதல் 26 டிகிரி என்பதோடு, ஈரப்பதம் 50 முதல் 70 விழுக்காடு என்றும் சொல்கிறது. சுவரொட்டியில் 24 வந்தது. 70 வரவில்லை. ஈரத்தை எடுக்கும் திறனில்லாத ஒரு கட்டடத்தில் 24 வைத்தால் புழுங்கத்தான் செய்யும். எண்ணை மாற்றத் தெரிந்த பணியாளரால் அதைச் சரிசெய்ய முடியாது. கட்டளைகளை மாற்ற வேண்டும். மாற்றிய கட்டளைகளைச் சோதிக்க வேண்டும்.

பத்து பெரண்டாமின் சுதந்திர வர்த்தக மண்டலத்துக்கு இது புதிய செய்தியல்ல. 1970களின் தொடக்கத்தில் அங்கே மின்னணுச் சில்லு ஆலைகள் வந்தபோது, தோட்டத்து லயங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் போனார்கள். சில்லுக்கு வேண்டிய சூடும் ஈரமும் தூசியின்மையும் அங்கே எப்போதும் அளந்து காக்கப்பட்டன. சில்லு கெட்டால் பணம் போகும், ஆகவே அக்கறை இருந்தது. அலுவலகக் குமாஸ்தாவுக்கும் வகுப்பறைப் பிள்ளைக்கும் அந்த அக்கறை ஏன் வரவில்லை என்று கேட்டால், பதில் அவ்வளவு இனிமையாக இருக்காது.

2025 ஜனவரி முதல் தேதி எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் தங்கள் எரிசக்திக் குறியீட்டைக் காட்ட வேண்டும். அலுவலக மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஏர்கோனுக்கே போகிறது. ஆகவே கட்டட முதலாளிகள் கட்டுப்பாட்டுக் கருவிகளை மாற்ற ஓடுவார்கள், விற்பனையாளர்கள் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி வந்து நிற்பார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: உங்கள் கருவி எந்த ஊர் வானிலையில் தேறியது?

இது குறும்புக் கேள்வியல்ல. கருவிகளை ஒரே அளவுகோலில் ஒப்பிட, பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் பாப்டெஸ்ட் என்ற பொதுச் சோதனைக் களத்தை அமைத்தார்கள். மாயக் கட்டடங்கள் அங்கே தயாராக இருக்கும். யாரும் தம் கட்டுப்பாட்டுக் கட்டளைகளைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம், மதிப்பெண் கிடைக்கும். அருமையான ஏற்பாடு. முதலில் வெளிவந்த அந்தக் கட்டடங்கள் எந்த வானிலையில் நிற்கின்றன? பிரசல்ஸ், டென்வர், கோப்பன்ஹேகன், சிகாகோ, மிலான். பனி பெய்யும் ஊர்கள். நான்கு மணி மழையை எழுத வைக்கும் தேர்வுத்தாள் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தத் தேர்வுத்தாளுக்கு வேண்டிய வானிலை எங்கோ தொலைவில் இல்லை. பாச்சாங்குக்குப் பக்கத்திலிருக்கும் பத்து பெரண்டாம் விமான நிலையத்தின் வானிலை நிலையம், உலகப் பட்டியலில் 48665 என்ற எண் கொண்டது. சூடு, ஈரம், காற்று என்று அதன் பதிவுகளிலிருந்து தைத்த மாதிரி ஆண்டு, எனர்ஜிபிளஸ் படிக்கும் கோப்பாகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏர்கோன் பிரிவு படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ அதை இறக்கி, தாம் படிக்கும் கட்டடத்தையே எண்களாக மாற்றி, மாலை மழையை அதன்மேல் பெய்யவிட்டு, வால்வு என்ன செய்கிறது என்று இன்றைக்கே பார்க்கலாம்.